வெற்றிசிறக்கப்பண்ணுகிறாரா, வெற்றி ஊர்வலத்தில் இழுத்துச் செல்கிறாரா? 2 கொரிந்தியர் 2:14 குறித்து ஒரு விவாதம்

ஒலிவமரம் (இழையைத் தொடங்கியவர்)

இந்த ஆண்டுப் பிறப்பு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, வாசலில் ஒரு எவர்சில்வர் தட்டில் கவிழ்த்து வைத்திருந்த வாக்குத்தத்த அட்டைகளில் ஒன்றை எல்லாரையும் போல நானும் எடுத்தேன். சூரிய உதயம், சிறகு விரித்த கழுகு, அதன் கீழே "கிறிஸ்துவுக்குள் எப்பொழுதும் எங்களை வெற்றிசிறக்கப்பண்ணி..." என்ற வரி. வசனத்தின் மீதிக்குப் பதிலாக மூன்று புள்ளிகள் இருந்தன. அட்டையை வேதாகமத்துக்குள் வைத்துவிட்டு மறந்துபோனேன்.

எங்கள் வீட்டு வேதபாடக் குழுவில் இப்போது இரண்டாம் கொரிந்தியர் நடக்கிறது. சென்ற வாரம் இதே வசனத்துக்கு வந்து சேர்ந்தபோதுதான், அதற்கு முந்திய இரண்டு வசனங்களை நான் இதுவரை நின்று வாசித்ததே இல்லை என்பது தெரிந்தது. பவுல் துரோவா பட்டணத்துக்கு வருகிறார். சுவிசேஷத்துக்குக் கதவு திறந்திருக்கிறது. ஆனாலும் தம் உடன் ஊழியரான தீத்துவைக் காணாததினால் "என் ஆவிக்கு அமைதலில்லாதிருந்தது" என்று சொல்லி, திறந்த கதவை விட்டுவிட்டு மக்கெதோனியாவுக்குப் போய்விடுகிறார். மனம் நிலைகொள்ளாமல் ஊரைவிட்டுக் கிளம்பிய ஒருவர், அடுத்த வரியிலேயே "எப்பொழுதும் எங்களை வெற்றிசிறக்கப்பண்ணுகிற தேவனுக்கு ஸ்தோத்திரம்" என்று எழுதுவது எப்படிப் பொருந்தும்? குழுவில் ஒரு கல்லூரி மாணவி இதைக் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்று தப்பித்துக்கொண்டேன். கிரேக்கம் தெரிந்தவர்கள் உதவினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கிரேக்கம் பயில்பவன்

அந்த மாணவி சரியான இடத்தில் கையை வைத்திருக்கிறார். பிரச்சினை முழுவதும் ஒரே ஒரு வினைச்சொல்லில் இருக்கிறது. தமிழில் "வெற்றிசிறக்கப்பண்ணி" என்று வந்திருப்பது கிரேக்கத்தில் 'த்ரியாம்பெவோ' என்னும் வினை. உரோமர்கள் 'திரியும்புஸ்' என்று அழைத்த வெற்றி ஊர்வலத்தோடு இணைந்த சொல் அது. இதன் செயப்படுபொருளாக ஒருவர் வரும்போது, அந்தக் காலத்து எழுத்துகளில் அவர் ஊர்வலத்தில் நடத்திச் செல்லப்பட்ட தோற்றவர், அதாவது கைதி. "ஒருவனை வெற்றிபெறச் செய்தல்" என்ற பொருளில் இந்த வினை வழங்கியதற்கு உறுதியான சான்று கிடையாது.

இந்தச் சொல்லின் சூடு எப்படிப்பட்டது என்பதற்கு ஒரே ஒரு எடுத்துக்காட்டு போதும். எகிப்தின் அரசி கிளியோபாத்ரா, அவளை வென்ற உரோமத் தலைவர் ஒக்தாவியானின் கையில் அகப்பட்டபின், "ஊ த்ரியாம்பெவ்சோமாய்" என்று திரும்பத் திரும்பச் சொன்னதாக வரலாற்றாசிரியர் லிவி எழுதியது, உரோமக் கவிஞர் ஓரேசின் கவிதைகளுக்கான பழைய உரை ஒன்றில் எஞ்சியிருக்கிறது. "என்னை ஊர்வலத்தில் இழுத்துச் செல்ல விடமாட்டேன்" என்பது அதன் பொருள். கி.மு. 30இல் அவள் உயிரை விட்டாள். அடுத்த ஆண்டு உரோமையில் நடந்த ஊர்வலத்தில் அவளுடைய உருவத்தைத்தான் தூக்கிச் செல்ல முடிந்தது. ஒரு பேரரசி எதைத் தவிர்ப்பதற்காகச் சாவைத் தேர்ந்துகொண்டாளோ, அந்த வினையைத்தான் பவுல் தம்மைக் குறித்து எழுதி, அதற்காகக் கடவுளுக்கு நன்றியும் சொல்கிறார்.

ஊர்வலத்தின் அமைப்பையும் மனத்தில் கொள்ளுங்கள். கொள்ளைப் பொருட்களும், பிடித்த நகரங்களைத் தீட்டிய படங்களும் முன்னே போகும். விலங்கிட்ட கைதிகள் தேருக்கு முன்னால் நடப்பார்கள். நான்கு குதிரை பூட்டிய தேரில் தளபதி வருவார். அவருடைய படைவீரர்கள் பின்னால் பாடிக்கொண்டு வருவார்கள். கப்பித்தோல் குன்றில் யூப்பித்தர் கோயிலில் பலியிட்டால் ஊர்வலம் முடியும். கி.பி. 71இல் உரோமப் பேரரசர் வெசுப்பாசியானும் அவருடைய மகன் தீத்துவும் எருசலேமை அழித்ததற்காக நடத்திய ஊர்வலத்தை யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு (ஜோசிஃபஸ்) விரிவாக எழுதியிருக்கிறார். கோயிலை அடைந்ததும் எல்லாரும் நின்று காத்திருக்கிறார்கள். எதற்காக? யூதத் தலைவர்களில் ஒருவரான சிமோன் பார் கியோராவைக் கழுத்தில் கயிறிட்டு இழுத்துப்போய்க் கொன்றாயிற்று என்ற செய்திக்காக. செய்தி வந்ததும் கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. அதன்பிறகே பலி தொடங்குகிறது. (அட்டையிலுள்ள வசனத்துக்கு முன் பவுல் தேடிய தீத்துவுக்கும் இந்தத் தீத்துவுக்கும் பெயரைத் தவிர வேறு தொடர்பு இல்லை என்பதைச் சொல்லி வைக்கிறேன், ஒரு பிரசங்கத்தில் இரண்டும் கலந்துபோனதைக் காதாரக் கேட்டிருக்கிறேன்.)

பவுல் எழுதியது இதற்கு ஏறக்குறைய 15 ஆண்டுகளுக்கு முன். ஆனால் கொரிந்தியருக்கு ஊர்வலம் என்றால் என்னவென்று எவரும் விளக்க வேண்டியதில்லை. பழைய கொரிந்துவைக் கி.மு. 146இல் உரோமத் தளபதி மும்மியுசு தரைமட்டமாக்கி, அங்கிருந்த சிலைகளையும் ஓவியங்களையும் அள்ளிக்கொண்டுபோய் உரோமையில் ஊர்வலம் விட்டார். பவுலின் வாசகர்கள் வாழ்ந்த கொரிந்து, கி.மு. 44இல் யூலியு சீசரின் ஏற்பாட்டின்படி அந்த இடிபாடுகளின்மேல் எழுந்த உரோமைக் குடியேற்றம். தோற்றவர்களின் ஊரில் வென்றவர்களின் பிள்ளைகள் குடியிருந்தார்கள்.

ஜெயக்கொடி

கிரேக்கம் பயில்பவன் அவர்களுக்கு வணக்கம். உங்கள் விளக்கத்தை மதிக்கிறேன். ஆனால் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு விசுவாசிகளின் கையிலிருந்து ஒரு வாக்குத்தத்தத்தைப் பிடுங்குவது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. வேதம் நம்மைக் கைதிகள் என்றா சொல்கிறது? "நாம் நம்மில் அன்புகூருகிறவராலே முற்றும் ஜெயங்கொள்ளுகிறவர்களாயிருக்கிறோமே" என்று இதே பவுல் ரோமர் 8:37இல் எழுதுகிறார். "நம்முடைய விசுவாசமே உலகத்தை ஜெயிக்கிற ஜெயம்" என்று யோவான் எழுதுகிறார். இவற்றையெல்லாம் என்ன செய்வீர்கள்?

மேலும், பழைய மொழிபெயர்ப்பாளர்கள் கிரேக்கம் தெரியாதவர்கள் அல்லர். ஆங்கிலத்தில் 1611இன் யாக்கோபு அரசர் பதிப்பும் "எங்களை வெற்றிபெறச் செய்கிற" என்ற பொருளில்தான் மொழிபெயர்த்தது. 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கால்வினும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். அவர்களுக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்துவிட்டதா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் சபையில் கூலி வேலைக்குப் போகிறவர்கள் அதிகம். வட்டிக்காரன் ஒருபுறமும் குடிகாரப் புருஷன் மறுபுறமும் இழுக்க, வாரம் முழுவதும் தோற்றுக்கொண்டே இருக்கிற ஒரு தாய் ஞாயிற்றுக்கிழமை வந்து "ஜெயம்" என்ற சொல்லைக் கேட்கிறாள். அந்த ஒரு சொல்லுக்காகவே வருகிறாள். அவளிடம் போய், "அம்மா, நீங்கள் சங்கிலியில் கட்டப்பட்ட கைதி" என்று சொல்லுகிற துணிவு எனக்கு இல்லை.

ஒலிவமரம்

ஐயா, கடைசிப் பத்தி என்னைச் சற்று நிறுத்தி வைத்தது. அதற்கு எளிதான பதில் இருப்பதாகப் பாவனை செய்ய மாட்டேன்.

ஆனால் ரோமர் 8:37ஐ நீங்கள் எடுத்த விதத்திலும் அட்டையின் மூன்று புள்ளிகள் இருக்கின்றன. முந்திய வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள்: "உமதுநிமித்தம் எந்நேரமும் கொல்லப்படுகிறோம், அடிக்கப்படும் ஆடுகளைப்போல எண்ணப்படுகிறோம்." இது 44ஆம் சங்கீதம், தோல்வியின் நடுவில், "ஆண்டவரே, ஏன் நித்திரைபண்ணுகிறீர்?" என்று கேட்கிற சங்கீதம். அதைச் சொல்லிய கையோடுதான் "இவையெல்லாவற்றிலேயும்" முற்றும் ஜெயங்கொள்ளுகிறோம் என்கிறார். 'இவற்றிலிருந்து தப்பி' என்று அவர் எழுதவில்லை. நீங்கள் சொல்லும் அந்தத் தாய்க்கு 37ஐவிட 36தான் முதலில் புரியும் என்று நினைக்கிறேன்; தன்னைப் பற்றி வேதத்தில் எழுதியிருக்கிறதே என்று.

கிரேக்கம் பயில்பவன்

கால்வினைக் குறித்து ஜெயக்கொடி ஐயா சொன்னது சரிதான். ஆனால் கால்வின், இந்தச் சொல்லுக்கு வழக்கமான பொருள் வேறு என்பதை அறிந்தே, பவுல் இங்கே கடவுளின் வெற்றியில் தமக்கும் பங்குண்டு என்ற கருத்தில் எழுதினார் என்று முடிவு செய்தவர். அப்போஸ்தலரைக் கைதியாகக் காண்பது பொருந்தாது என்ற எண்ணம் மொழியறிவை வென்றுவிட்ட இடம் அது என்பது என் கருத்து. சிலர் நடுவழியாக, பவுல் தேருக்குப் பின்னால் வரும் படைவீரர் என்கிறார்கள். அழகான எண்ணம்தான், ஆனால் இந்த வினை தன் செயப்படுபொருளாகத் தளபதியின் வீரர்களை ஏற்பதில்லை.

பவுலுக்கு இந்தப் படம் அந்நியமானதும் அல்ல. முதல் கடிதம் 4:9ஐப் பாருங்கள். தேவன் அப்போஸ்தலராகிய எங்களை மரணத்துக்குக் குறிக்கப்பட்டவர்களைப்போலக் கடைசியில் நிறுத்திக் காட்டுகிறார், நாங்கள் உலகத்துக்கும் தூதர்களுக்கும் மனுஷருக்கும் வேடிக்கையானோம் என்கிறார். இரண்டாம் கடிதத்தின் 11ஆம் அதிகாரத்தில் தம் பெருமைகளை அடுக்கிக்கொண்டே வந்து, தமஸ்குவில் கூடைக்குள் வைத்து மதிலின் வழியாக இறக்கிவிடப்பட்ட கதையில் முடிக்கிறார். எதிரியின் மதில்மேல் முதலில் ஏறும் வீரனுக்கு உரோமர்கள் மதில்முடி என்றொரு பொன்முடி சூட்டினார்கள். பவுலோ மதிலிலிருந்து முதலில் இறங்கியவர். அவர் இதைச் சிரித்துக்கொண்டேதான் எழுதியிருக்க வேண்டும்.

இந்த வினை புதிய ஏற்பாட்டில் இன்னும் ஒரே ஓர் இடத்தில் வருகிறது: கொலோசெயர் 2:15. "துரைத்தனங்களையும் அதிகாரங்களையும் உரிந்துகொண்டு, வெளியரங்கமான கோலமாக்கி, அவைகளின்மேல் சிலுவையிலே வெற்றிசிறந்தார்." இங்கே ஊர்வலத்தில் இழுத்துவரப்படுகிறவை துரைத்தனங்களும் அதிகாரங்களும். "வெளியரங்கமான கோலமாக்கி" என்பதில் உள்ள வினையின் உடன்பிறப்பு மத்தேயு 1:19இல் வருகிறது. யோசேப்பு மரியாளை ஊரறிய அவமானப்படுத்த மனதில்லாதிருந்தார் என்னும் இடத்தில். அப்படியானால் என்ன படம் கிடைக்கிறது? கல்வாரியில் நின்ற எவரும் ஆடை உரியப்பட்டவராக இயேசுவைத்தான் கண்டார்கள். ஊர் பார்க்க அவமானப்பட்டவரும் அவரே. தலைக்கு மேல் குற்றப்பலகை. சிவப்பங்கியும் முள்முடியும் அணிவித்துப் போலி அரசனாக நிறுத்திய படைவீரர்கள். ஊர்வலத்தின் உறுப்புகள் எல்லாம் இருக்கின்றன, இடம் மட்டும் மாறியிருக்கிறது. கொலோசெயர் எழுதியவர் அதே காட்சியைப் பார்த்து, உரியப்பட்டவை அதிகாரங்கள் என்கிறார்.

வெளியிலிருந்து ஒருவன்

நான் கிறிஸ்தவன் அல்லன். வரலாற்று ஆர்வத்தால் இந்தப் பகுதியை வாசிப்பவன். குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நீங்கள் காட்டும் இந்தத் தலைகீழ் வெற்றி மிகவும் நயமாக இருக்கிறது. ஆனால் இதே நூலில் யாத்திராகமம் 15 இருக்கிறதே? "குதிரையையும் குதிரைவீரனையும் கடலிலே தள்ளினார்", "கர்த்தரே யுத்தத்தில் வல்லவர்" என்று பாடுகிறார்களே, அதில் என்ன தலைகீழ்? மூழ்கியவர்கள் மூழ்கியவர்கள்தானே.

அடுத்து, கி.பி. 312இல் மில்வியன் பாலப் போருக்கு முன் உரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் வானத்தில் சிலுவையையும் "இதனால் வெல்" என்ற சொற்களையும் கண்டதாகத் திருச்சபை வரலாற்றாசிரியர் எவுசேபியு எழுதுகிறார். அன்றிலிருந்து சிலுவை போர்க்கொடியாயிற்று. தோற்றவர்களின் கையில் இருக்கும்வரை நயமாக இருக்கும் ஒரு கருத்து, அரசனின் கைக்குப் போனதும் என்ன ஆகிறது என்பதையும் பேச வேண்டாமா?

மறைக்கல்வி ஆசிரியை

வெளியிலிருந்து வந்த நண்பரின் கேள்வியைத் தவிர்க்கக் கூடாது. நான் 20 ஆண்டுகளுக்கும் மேலாகப் பிள்ளைகளுக்குச் செங்கடல் கதையைச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் ஏதாவது ஒரு குழந்தை, "டீச்சர், குதிரை என்ன தப்பு செய்தது?" என்று கேட்கும். நான் சமாளிக்காமல், "ஒரு தப்பும் செய்யவில்லை" என்று மட்டும் சொல்லிவிடுவேன்.

யூதர்களுக்கும் இந்த உறுத்தல் இருந்திருக்கிறது. எகிப்தியர் மூழ்கிய இரவில் வானதூதர் பாட முற்பட்டபோது, "என் கைப்படைப்பு கடலில் மூழ்கிக்கொண்டிருக்கிறது, நீங்கள் பாடுகிறீர்களா?" என்று கடவுள் தடுத்ததாக, யூத ரபிகளின் விளக்கத் தொகுப்பான பாபிலோனியத் தல்மூதில் ஒரு மரபு இருக்கிறது. பாடலை நூலிலிருந்து அவர்கள் நீக்கவில்லை. அதன் பக்கத்தில் இந்தக் கேள்வியை வைத்தார்கள்.

ஆயினும் அந்தப் பாடலைப் பாடியவர்கள் யார் என்பதை மறந்துவிடலாகாது. அதற்கு முந்திய அதிகாரம் வரை செங்கல் அறுத்தவர்கள். அவர்கள் கையில் தேரும் இல்லை, குதிரையும் இல்லை. "கர்த்தர் உங்களுக்காக யுத்தம்பண்ணுவார், நீங்கள் சும்மாயிருப்பீர்கள்" என்று மோசே சொல்கிறார். அதற்கு முந்திய வசனத்தில், நின்றுகொண்டு கர்த்தர் செய்யும் இரட்சிப்பைப் பாருங்கள் என்கிறார். அங்கே இரட்சிப்பு என்று வரும் எபிரேயச் சொல் 'யெஷூவா'. மீட்பு, வெற்றி என்று இரண்டு பொருளும் அதற்கு உண்டு. 98ஆம் சங்கீதத்தில் கர்த்தருடைய வலதுகரம் இரட்சிப்பை உண்டாக்கினது என்று நம் பழைய மொழிபெயர்ப்பு சொல்லும் இடத்தில், வெற்றி என்று மொழிபெயர்த்தவர்களும் உண்டு. இயேசு என்ற பெயரும், ஓசன்னா என்ற கூவலும் இதே வேரில் பிறந்தவை. எபிரேயரின் காதில் கடவுளின் வெற்றி என்பது யாரோ ஒருவர் விடுபட்டார் என்ற செய்தியாகவே விழுந்தது.

கடவுளைத் தங்கள் பக்கத்துப் படைவீரராக வைத்துக்கொள்ளப் பார்த்தபோதெல்லாம் விவிலியம் அதை உடைக்கிறது. எரிகோவின் அருகே உருவிய வாளோடு நிற்பவரிடம் யோசுவா, "நீர் எங்களைச் சேர்ந்தவரோ, எங்கள் சத்துருக்களைச் சேர்ந்தவரோ?" என்று கேட்கிறார். வரும் பதில் "அல்ல" என்பது. கிதியோனிடம் 32,000 பேர் இருந்தபோது, இவர்கள் வென்றால் 'என் கை என்னை இரட்சித்தது' என்று வீம்பு பேசுவார்கள் என்று சொல்லி, 300 பேராகக் குறைக்கிறார். எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது 1 சாமுவேல் 4 முதல் 6 வரை உள்ள கதை. இஸ்ரவேலர் உடன்படிக்கைப் பெட்டியையே போர்க்களத்துக்குத் தூக்கி வருகிறார்கள், இனி தோல்வியே இல்லை என்று. தோற்கிறார்கள். பெட்டி கைப்பற்றப்பட்டு, பகைவரான பெலிஸ்தரின் தெய்வம் தாகோனின் கோயிலில் கொள்ளைப்பொருளாக வைக்கப்படுகிறது. மறுநாள் காலையில் தாகோன் முகங்குப்புறக் கிடக்கிறான், தூக்கி நிறுத்துகிறார்கள், அதற்கு மறுநாள் தலையும் இரு கைகளும் வாசற்படியில் உடைந்து கிடக்கின்றன. அந்தக் கோயிலுக்குள் இஸ்ரவேலர் ஒருவர்கூட இல்லை. ஏழு மாதம் கழித்து இரண்டு கறவைப் பசுக்கள் இழுக்கும் புது வண்டியில், ஓட்டுபவர் இல்லாமல், பெட்டி வீடு திரும்புகிறது. தேர், நான்கு குதிரை என்று மேலே வாசித்தபோது எனக்கு இந்தக் கன்றை விட்டுப் பிரிந்து கத்திக்கொண்டே போன பசுக்கள்தாம் நினைவுக்கு வந்தன. கடவுள் கைதியாகப் போனார், மக்கள் வீட்டில் இருந்தார்கள்.

கான்ஸ்டன்டைன் குறித்து நீங்கள் கேட்டதற்கு, ஆம், அப்படித்தான் ஆயிற்று என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

ஜெயக்கொடி

ஆசிரியை அவர்களின் பதிவை இரண்டு முறை வாசித்தேன். பெட்டியின் கதையை நான் எப்போதும் தாகோன் விழுந்த இடத்திலிருந்துதான் பிரசங்கித்திருக்கிறேன்; தோற்ற இடத்திலிருந்து தொடங்கியதில்லை.

ஆனாலும் வெளிப்படுத்தின விசேஷம் இருக்கிறதே. அங்கே கிறிஸ்து வெள்ளைக் குதிரையின்மேல் வருகிறார், வஸ்திரம் இரத்தத்தில் தோய்ந்திருக்கிறது, ஜாதிகளை வெட்டும் பட்டயம் இருக்கிறது. முதல் வருகையில் ஆட்டுக்குட்டி, இரண்டாம் வருகையில் சிங்கம் என்று நாங்கள் போதிக்கிறோம். முடிவான ஜெயம் வல்லமையின் ஜெயம்தானே?

கிரேக்கம் பயில்பவன்

அந்த நூலை ஆட்டுக்குட்டி முதலில், சிங்கம் பிறகு என்று பிரித்தால், யோவான் வைத்த வரிசை தலைகீழாகிவிடும். 5ஆம் அதிகாரத்தில் மூப்பர் ஒருவர், "யூதா கோத்திரத்துச் சிங்கம் ஜெயங்கொண்டிருக்கிறார்" என்று சொல்வது யோவானின் காதில் விழுகிறது. திரும்பிப் பார்க்கிறார், கண்ணில் படுவது அடிக்கப்பட்டவண்ணமாயிருக்கிற ஓர் ஆட்டுக்குட்டி. அதற்குப் பிறகு நூல் முழுவதும் கிறிஸ்துவுக்கு அதுவே முதன்மையான பெயர். சிங்கம் என்ற பெயர் அவருக்குத் திரும்ப வருவதில்லை.

ஜெயங்கொள்ளுதல் என்பதற்கான கிரேக்க வினை 'நிக்காவோ'. கான்ஸ்டன்டைன் கண்டதாகச் சொல்லப்படுவதும் இதன் ஏவல் வடிவமே. வெளிப்படுத்தலில் மட்டும் இது 17 முறை வருகிறது. அதில் ஓர் இடத்தை நீங்கள் கவனிக்க வேண்டும்: 13:7. பரிசுத்தவான்களோடு யுத்தம்பண்ணி அவர்களை ஜெயிக்க மிருகத்துக்கு அதிகாரம் கொடுக்கப்பட்டது. 12:11இல் பரிசுத்தவான்கள் ஆட்டுக்குட்டியின் இரத்தத்தினாலும் தங்கள் சாட்சியினாலும் வலுசர்ப்பத்தை ஜெயித்தார்கள். ஒரே வினை, ஒரே ஜனம். கொல்லப்பட்டதை மிருகத்தின் பதிவேட்டில் ஒரு ஜெயமாகவும், சாவுக்கு அஞ்சாமல் நின்றதைப் பரலோகத்தின் பதிவேட்டில் இன்னொரு ஜெயமாகவும் யோவான் எழுதுகிறார்.

19ஆம் அதிகாரத்து இரத்தம் குறித்து அறிஞர்கள் ஒருமனப்படவில்லை. அதன் பின்னணியான ஏசாயா 63இல் அது பகைவரின் இரத்தம் என்பது உண்மை. ஆனால் இங்கே போர் தொடங்குமுன்பே வஸ்திரம் தோய்ந்திருக்கிறது. பட்டயம் கையில் இல்லாமல் வாயில் இருக்கிறது. அது அவருடைய சொந்த இரத்தம் என்று வாசிப்பவர்களின் பக்கமே நான் சாய்கிறேன். நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஜெயக்கொடி

19ஆம் அதிகாரத்தில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. நியாயத்தீர்ப்பு என்று ஒன்று இல்லாவிட்டால் வட்டிக்காரனுக்கு யார் கணக்குக் கேட்பது? 13:7ஐ மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு சிறிய சந்தேகம். சென்ற மாதம் எங்கள் சபையில் ஓர் அடக்க ஆராதனை. கல்லறையில், "மரணம் ஜெயமாக விழுங்கப்பட்டது" என்று நான் வாசித்தபோது, இறந்தவரின் அண்ணன், எழுத்து வாசனை உள்ளவர், பிறகு என்னிடம் வந்து, "போதகரே, 'ஜெயமாக விழுங்கப்பட்டது' என்பது என்ன தமிழ்?" என்று கேட்டார். எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

மறைக்கல்வி ஆசிரியை

பவுல் அங்கே ஏசாயா 25:8ஐ எடுக்கிறார். எபிரேயத்தில் 'லானெத்சாக்' என்று இருக்கிறது. "என்றென்றைக்கும்" என்பது அதன் வழக்கமான பொருள். ஆனால் அரமேயத்தில் அதே வேர் வெல்லுதலைக் குறிக்கும்; அதனால் கிரேக்க மொழிபெயர்ப்பு மரபு ஒன்றில் அது "வெற்றிக்குள்" என்றாயிற்று, பவுல் அதையே கையாண்டார். நம் பழைய மொழிபெயர்ப்பு ஏசாயாவிலும் கொரிந்தியரிலும் "ஜெயமாக" என்றே வைத்திருக்கிறது.

விழுங்குதல் என்பதுதான் அதைவிடச் சுவையானது. சிரியாவின் கடற்கரையில் ராசு சம்ரா என்ற இடத்தில் 1929இல் தொடங்கிய அகழ்வில் கிடைத்த உகரித்துக் களிமண் பலகைகளில், மரணம் மோத்து என்ற தேவன். ஒரு உதடு மண்ணிலும் ஒரு உதடு வானத்திலுமாக வாயைப் பிளந்து, புயல் தேவனான பாகாலையே விழுங்குகிறவன். கானான் நாட்டில் எல்லாருக்கும் தெரிந்த வாய் அது. ஏசாயா அந்த வாயையே விழுங்கும் ஒருவரைப் பற்றி எழுதுகிறார். விழுங்கியபின் அவர் செய்யும் அடுத்த வேலை எல்லா முகங்களிலுமிருந்தும் கண்ணீரைத் துடைப்பது. அந்த அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள்.

ஒலிவமரம்

நாளை குழு கூடுகிறது. அந்த மாணவிக்காக வசனத்தை நான் இப்படி எழுதிப் பார்த்தேன்: "கிறிஸ்துவுக்குள் எப்பொழுதும் எங்களைத் தமது வெற்றி உலாவில் கைதிகளாக நடத்திச் செல்லுகிற தேவனுக்கு ஸ்தோத்திரம்." சரியாக இருக்கிறதா?

கிரேக்கம் பயில்பவன்

"கைதிகளாக" என்பது மூலத்தில் தனிச்சொல்லாக இல்லை, வினைக்குள் இருக்கிறது. அதை வெளியே எடுத்து வைத்தால் ஜெயக்கொடி ஐயா அஞ்சியதுபோல அவமானம் மட்டும் கேட்கும். தம்மைப் பிடித்தவர் நேசிக்கிறவர் என்பதனால்தான் பவுல் நன்றி சொல்கிறார். வசனத்தின் பிற்பகுதியில் வரும் "அறிவின் வாசனையையும்" விட்டுவிடாதீர்கள், ஊர்வல வழியில் எரியும் தூபத்தின் மணம் தளபதிக்கு ஒன்றாகவும் சாகப்போகிற கைதிக்கு வேறொன்றாகவும் இருக்கும் என்பதுதான் அடுத்த இரண்டு வசனங்கள் என்று பலர் கருதுகிறார்கள்.

ஜெயக்கொடி

சகோதரரே, உங்களுக்குத் தேவையான தமிழ் எபேசியர் 4:8இல் ஏற்கெனவே இருக்கிறது: "அவர் உன்னதத்திற்கு ஏறி, சிறைப்பட்டவர்களைச் சிறையாக்கி, மனுஷர்களுக்கு வரங்களை அளித்தார்." மூலமான 68ஆம் சங்கீதத்தில் வென்றவர் வரங்களைப் பெற்றுக்கொள்கிறார், பவுல் அளித்தார் என்று மாற்றுகிறார். என்ன வரங்கள்? மூன்று வசனம் தள்ளிப் பாருங்கள்: சிலரை அப்போஸ்தலராகவும், சிலரைத் தீர்க்கதரிசிகளாகவும், சிலரைச் சுவிசேஷகராகவும், சிலரை மேய்ப்பராகவும் போதகராகவும் ஏற்படுத்தினார். சிறைபிடித்தவர்களையே பரிசாகக் கொடுத்துவிட்டார் என்றும் அதை வாசிக்கலாம் போலிருக்கிறது. 26 வருடமாகப் போதகனாக இருக்கிறேன், இதை இன்று காலைதான் பார்த்தேன்.

எனவே "கைதிகளாக" வேண்டாம். "சிறைப்பட்ட எங்களை" என்று போடுங்கள். அந்தத் தாய்க்கும் அது விளங்கும்.

ஒலிவமரம்

"கிறிஸ்துவுக்குள் எப்பொழுதும், சிறைப்பட்ட எங்களைத் தமது வெற்றி உலாவில் நடத்திச் சென்று, எல்லா இடங்களிலேயும் எங்களைக்கொண்டு அவரை அறிகிற அறிவின் வாசனையை வெளிப்படுத்துகிற தேவனுக்கு ஸ்தோத்திரம்."

அட்டையின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. முழுவதையும் எழுத இடம் போதவில்லை. கடைசி இரண்டு சொற்கள் ஓரத்தில் செங்குத்தாக ஏறிவிட்டன.